தாராவின் உம்மா குடித்த கஞ்சி

இஸ்கந்தர் என்ற கிரேக்க ராசா பாரசீகத்தைப் பிடித்தது காத்தான்குடியில்தான். வாவிக்குப் போகும் ஒழுங்கையில், நுஸ்ராவின் வீட்டு முன்கூடத்தில், அஸர், மஃரிப் தொழுகைகளுக்கு இடைப்பட்ட பின்னேரத்தில் அந்தச் சண்டை நடந்தது. வேறெங்கோ நடந்ததாகச் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். பாவம், அவர்கள் அங்கே இருக்கவில்லை. உசனார் இருந்தார்.

உசனார் சாரன் துணிக்கடை வைத்திருந்து, அதை மகள் நுஸ்ராவின் புருசன் பஹ்மியிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருந்த மனிதர். அவருடைய மனைவி றஸீனாவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்து, டீவியில் ஆட்கள் அசைவதுதான் தெரியும். அடியில் ஓடும் தமிழ் எழுத்து தெரியாது. துருக்கி நாடகத்தில் பேச்செல்லாம் துருக்கி மொழி. ஒழுங்கையே பார்க்கும் நாடகத்தை அவள் மட்டும் விளங்காமல் எப்படிப் பார்ப்பது? அதனால் பின்னேரமானால் உசனார் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு எழுத்தை வாசித்துக் காட்டுவார். கலியாணமாகி இத்தனை வருசத்தில் றஸீனா அவர் பேச்சை இடையில் எழும்பிப் போகாமல் கேட்டது அந்த ஒரு மணித்தியாலம்தான்.

நாடகம் இஸ்தான்புல்லில் ஒரு ஹோட்டலைப் பற்றியது. ஒரு அண்ணன், ஒரு தம்பி, இரண்டு பேரையும் அழவைக்கும் ஒரு பெண், அந்தப் பெண்ணைப் பிடிக்காத ஒரு வெண்தலை மாமி. எல்லாரும் அழுவார்கள், இடுப்பு ஒடுங்கிய கிளாஸில் தேத்தண்ணி குடிப்பார்கள், குடித்த தெம்பில் மறுபடி அழுவார்கள்.

ஒருநாள் எழுத்து வெகு வேகமாக ஓடிவிட்டது. உசனார் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் தம்பிக்காரன் குதிரையில் ஏறிக் கடற்கரையோரம் பறந்துகொண்டிருந்தான். யார் அது, எங்கே போகிறான் என்று றஸீனா கேட்டாள். தவறவிட்டேன் என்று சொல்லத்தான் உசனார் வாயைத் திறந்தார். வாய் வேறு முடிவு எடுத்துவிட்டது.

"அவர்தான் இஸ்கந்தர். பாரசீகத்தோட சண்டைக்குப் போறார்."

நியாயத்தைச் சொன்னால் அது முழுப் பொய்யுமல்ல. வியாபாரம் படுத்த காலத்தில் அட்டை கிழிந்த சரித்திரப் புத்தகமொன்றைக் கடையில் வைத்து உசனார் மூன்று தரம் வாசித்திருந்தார். இஸ்கந்தர் பாரசீகப் படையை முதலில் முறியடித்தது இப்போதைய துருக்கியில் ஒரு ஆற்றங்கரையில்தான் என்று அதில் இருந்தது. இடம் சரி. காலம்தான் இரண்டாயிரத்துச் சொச்சம் வருசம் பிசகியது. துணி வியாபாரத்தில் ஒரு சாண் கூடக்குறைய வெட்டுப்படுவது சகஜம்.

அன்றிலிருந்து அண்ணன்காரன் பாரசீக மன்னன் தாரா ஆனான். ஹோட்டல் கணக்கப்பிள்ளை மந்திரியானார். அண்ணன் கோபித்துக்கொண்டு விமானம் ஏறியபோது, தாரா தன்னைப் பெத்த உம்மாவையும் பொஞ்சாதி பிள்ளைகளையும் கூடாரத்தில் விட்டுவிட்டுப் போர்க்களத்தை விட்டு ஓடினான். இதுவும் புத்தகத்தில் உள்ளதுதான்.

றஸீனாவுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

"பொஞ்சாதிய விட்டுட்டு ஓடினவன் என்ன ராசா?"

"குதிரையில இடம் காணாமப் போயிருக்கும்."

"உம்மாவயாவது ஏத்தியிருக்கலாம்."

இரண்டு நாளாக வீட்டு ஆண்களுக்குத் தேத்தண்ணியில் சீனி குறைந்தது. பஹ்மி, தான் ஓடாதவன் என்று விளக்கம் சொல்லியும் பயனில்லை.

கிரான் ஊரிலிருந்து எருமைத் தயிர் கொண்டுவரும் புஸ்பம் கதையில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைத் தவறவிட ஆரம்பித்தாள். வென்ற இஸ்கந்தர் தன் கூட்டாளியோடு கூடாரத்துக்கு வந்தார், தாராவின் உம்மா ஆள் மாறிக் கூட்டாளிக்கு ஸலாம் போட்டுவிட்டாள் என்று உசனார் சொன்ன அன்று, புஸ்பம் சட்டியை மடியிலேயே வைத்திருந்தாள். திரையில் வெண்தலை மாமி தபால்காரனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"அவக்கும் கண்ணுல வெள்ள விழுந்திரிக்கும்," என்றாள் றஸீனா. "இஸ்கந்தர் ஏசினாரா?"

"இல்ல புள்ள. என்ர கூட்டாளியும் நானும் ஒண்டுதான் உம்மா, எழும்புங்க என்டார்."

"பெத்த மகன் விட்டுட்டு ஓடினான். புடிச்சவன் உம்மா என்டிரிக்கான் பாத்தீங்களா காக்கா," என்று உசனாரை அண்ணன் முறை சொல்லிப் புஸ்பம் மூக்கைத் துடைத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் கண் ஆஸ்பத்திரியில் றஸீனாவுக்கு வெள்ளை எடுக்க நாள் கிடைத்தது. நுஸ்ரா ஓடித்திரிந்து எடுத்த நாள். உசனார் கணக்குப் போட்டுப் பார்த்தார். கண் தெளிந்தால் அவள் எழுத்தை வாசிப்பாள். வாசித்தால் இஸ்கந்தர் தொலைந்தார். அவர் தொலைந்தால் போகட்டும். பக்கத்துக் கதிரைக்கு இனி என்ன வேலை?

றஸீனாவோ பின்வாங்கினாள். கத்தி என்றால் பயம். கூடாரத்தில் பிடிபட்ட தாராவின் மகளுக்கு ஒரு வழி தெரியட்டும், நோன்பு கழித்துப் பார்ப்போம் என்றாள். உசனார் ஓம் என்றால் போதும், கதிரை தப்பிவிடும்.

ஆனால் அவர் அன்று பின்னேரமே, ஹோட்டலுக்கு வந்த வாடிக்கைக்காரர்களையெல்லாம் கலியாண ஆட்களாக்கி, தாராவின் மகளை இஸ்கந்தருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்.

"கட்டி எங்க இருந்தாங்க?" என்றாள் றஸீனா. அவளுக்கு அதுதான் முக்கியம். இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். உசனாரும் அப்படி வந்தவர்தான்.

"பொண்ணுட நாட்டிலதான். கடைசிவரைக்கும் சொந்த ஊருக்குத் திரும்பல்ல. உடுப்பும் அவங்கட உடுப்புத்தான்."

றஸீனா திருப்தியோடு தலையாட்டினாள். "அப்ப பாரசீகத்த அவர் புடிக்கல்ல. அவங்கதான் அவரப் புடிச்சிரிக்காங்க." மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். உசனார் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, தெரிந்த ஓதலையெல்லாம் ஓதி முடித்துத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

கட்டு அவிழ்த்து, சொட்டு மருந்துக் காலமும் கழிந்து, ஒரு பின்னேரம் றஸீனா டீவி முன்னால் உட்கார்ந்தாள். உசனார் கதிரையைப் போடாமல் கதவோரம் நின்றார். அவள் உதடு அசைய அசைய எழுத்தை வாசித்தாள். தங்கும் அறையில் தண்ணீர் வரவில்லை என்று யாரோ முறைப்பாடு சொன்னார்கள். தம்பி மன்னிப்புக் கேட்டான். அறையிலும் இஸ்கந்தர் இல்லை, தண்ணீரிலும் இல்லை.

"இதுக்குள்ள அவர் எங்க?"

"பொண்ணு வீட்டிலதான்," என்றார் உசனார், முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல். "வெளிய வாற குறைவு."

றஸீனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பல வருசத்துக்குப் பிறகு தெளிவாகப் பார்க்கிறாள். தாடி முழுக்க வெளுத்திருந்தது. பிறகு றிமோட்டை எடுத்து, இங்கும் அங்கும் அமத்தி, எழுத்து வராமல் ஆக்கினாள்.

"எழுத்து ஆக்கள்ட காலெல்லாம் மறைக்கிது. கதிரயப் போடுங்க. தாராட உம்மா என்னானா? அதச் சொல்லாம விட்டிட்டீங்க."

உசனார் மெல்ல உட்கார்ந்தார். சொல்லாமல் விட்டது வேண்டுமென்றுதான். இஸ்கந்தர் இளவயதிலேயே செத்துப்போனார். அந்தச் சேதி கேட்டு, தாராவின் உம்மா வாயில் ஒன்றும் படாமல் கிடந்து, தன்னைப் பிடித்தவனுக்காகவே உயிரை விட்டாள் என்று புத்தகத்தில் இருந்தது. றஸீனாவின் இரவுச் சோற்றை நினைத்தார்.

திரையில் வெண்தலை மாமி மாடியில் நின்று ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்தா பாரு," என்றார். "கஞ்சி குடிக்கிறா."

றஸீனா புதுக் கண்ணால் உற்றுப் பார்த்தாள். செடி, பூ, வாளி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"ஓம், குடிக்கிறாதான்," என்றாள். "உப்புக் காணாது போல. மொகத்தப் பாருங்க."