செபாஸ்டின் கொட்டாய், பாப்பிரெட்டிப்பட்டி வழி

சகாயராணிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவள் கத்திக்கொண்டிருக்கும் வரைக்கும் யாருக்கும் பயமில்லை. அடங்கிப் பேச ஆரம்பித்தால்தான் புருஷன் ஆண்டனி கட்டிலை விட்டு எழுந்து, மோட்டார் போட்டுட்டு வர்றேன் என்று கொல்லைப் பக்கம் நழுவுவான். அன்றைக்குக் குரல் இறங்கிய இறக்கத்துக்கு அவன் பக்கத்து ஊருக்கே ஓடியிருக்க வேண்டும். பாவம், அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தான்.

"இதப் படிச்சீங்களா?" என்று போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி. 'அன்பான பெற்றோர்களே! நமது ஒன்பதாம் வகுப்பு மாணவி சுபா, குடும்பத்துடன் மாட்டுக் கொட்டகையில் வசித்து வருவது நம் கவனத்துக்கு வந்துள்ளது. கருணை உள்ளம் கொண்டோர் அரிசி, பருப்பு, பழைய துணிமணிகள் தந்து உதவவும்.' அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள், கண்ணீர் விடுகிற மூஞ்சிகள். ஒரு புண்ணியவான் தன்னிடம் நல்ல போர்வை ஒன்று இருப்பதாக எழுதியிருந்தார்.

ஆண்டனி நிமிர்ந்து வீட்டைப் பார்த்தான். மெத்தை வூடு. மேலே இன்னொரு மாடி எடுக்கக் கம்பி விட்டு வைத்திருந்தது. கீழே டைல்ஸ், போன கிறிஸ்துமஸுக்கு அடித்த பச்சை பெயிண்ட்.

"நம்ம சுபாவையா சொல்றாங்க?"

"இல்ல, உங்க இன்னொரு பொண்டாட்டி பெத்த சுபாவ."

நடந்தது இதுதான். தர்மபுரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்குக் கொட்டாய் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரை விட்டுத் தன் கொல்லை நிலத்திலேயே ஒருத்தன் வீடு கட்டிக்கொண்டு போனால் அது அவன் கொட்டாய். மகன் வந்து, பேரன் வந்து, பத்து வீடாகி, வாசலில் கார் நின்றாலும் அது முதலில் போனவன் பேரிலேயே கொட்டாய்தான். செபாஸ்டின் என்பவர் ஆண்டனியின் தாத்தா. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் கரண்டு பில் முதல் ஆதார் அட்டை வரைக்கும் எல்லாம் செபாஸ்டின் கொட்டாய், பாப்பிரெட்டிப்பட்டி வழி என்றுதான் வருகிறது.

கொரோனா வந்து பள்ளிக்கூடம் போனுக்குள் போய் இரண்டாவது வருஷம். புதிதாக வந்த மலர்விழி மிஸ்ஸுக்குத் தஞ்சாவூர். நல்ல மனுஷி, இளகின மனசு, அதுதான் வம்பாகப் போயிற்று. வீட்டுக்குள்ளே சிக்னல் எடுக்காததால் சுபா மாடு கட்டியிருக்கிற வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சுபா, பின்னாடி மாடாம்மா தெரியுது? எங்கே உட்கார்ந்திருக்கே?"

"கொட்டாய்லதாங்க மிஸ்."

"கொட்டாயிலயா? ஏம்மா, வீடு இல்லையா?"

"கொட்டாய்தாங்க மிஸ் எங்க வூடு."

அவள் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. கேட்ட காதுதான் தஞ்சாவூர்க் காது. மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மியூட் போட மறந்த டவுன் பிள்ளைகள் நாலைந்து பேர் சிரித்த சிரிப்பு, வேப்பமரத்தடி வரைக்கும் வந்து விழுந்தது. அவர்களில் பாதிப் பேருடைய தாத்தன் இன்னும் கொட்டாயில்தான் மாடு கறக்கிறான், அது வேறு விஷயம்.

அதோடு விட்டிருந்தால் சகாயராணியும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். மறுநாளே பிரின்சிபால், சுதந்திர தினத்துக்கு ஆன்லைனில் சுபா பேசுவதாக இருந்த பேச்சை எடுத்து டவுன் பையன் அருண்குமாருக்குக் கொடுத்துவிட்டார். சிறப்பு விருந்தினர் வருகிற நிகழ்ச்சியில் பின்னால் மாடு தெரிந்தால் நன்றாக இருக்காதாம். அன்றிலிருந்து சுபா கேமராவைத் திறக்கவில்லை, மைக்கைத் தொடவில்லை. வருகைப் பதிவுக்கு மட்டும் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு ஊமையாக உட்கார்ந்திருந்தாள்.

சகாயராணிக்கு இதுதான் பொறுக்கவில்லை. இந்தப் பெண் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் கிடையாது. கோயிலில் அவள் வாசகம் வாசித்தால் சாமியாரே கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்பார். ஆடு மேய்க்கிறவர்களிடம் பேசுவாள், பஸ் கண்டக்டரிடம் பேசுவாள், யாரும் இல்லாவிட்டால் மாட்டிடம் பேசுவாள். இப்போது சாப்பிடக் கூப்பிட்டால்கூடத் தலையை மட்டும்தான் ஆட்டினாள்.

"பதினஞ்சாந்தேதி நீ பேசற," என்றாள் சகாயராணி.

"நான் இனிமே எங்கயும் பேச மாட்டம்மா. வாயத் தொறந்தா சிரிக்கறாங்க." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"உடு, எதுக்கு வம்பு," என்றான் ஆண்டனி. "மார்க்கு அவுங்க கையில இருக்குது."

"மார்க்கு அவுங்க கையில இருக்கட்டும். எம்பொண்ணு நாக்கு அவுங்க கையில இல்ல."

அந்த வார வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வேன் கொட்டாய்க்குள் வந்து நின்றது. வேனிலிருந்து மலர்விழி மிஸ் இறங்கினார். டிரைவர் கிருஷ்ணப்பன் ஒரு அரிசி மூட்டையையும் பழைய துணிப் பொட்டலத்தையும் இறக்கினார். மிஸ் வீட்டைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், வாசலில் நின்ற டிராக்டரைப் பார்த்தார். தப்பான வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டீர்களா என்று கிருஷ்ணப்பனைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனுஷன் வேன் டயரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மிஸ்," என்றாள் சகாயராணி, குரலைத் தாழ்த்தி. ஆண்டனி மோட்டார் போடப் போய்விட்டான். "கொட்டாய்க்கு வாங்க. மாஸ்க்கக் கழட்டிட்டுச் சாப்புட உக்காருங்க."

"இல்லீங்கம்மா, நாங்க வந்தது…"

"எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். மொதல்ல சாப்புடுங்க."

களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் இலையில் விழுந்தன. மிஸ்ஸுக்குக் களி விழுங்கிப் பழக்கமில்லை. இருந்தாலும் மறுசோறு வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. சகாயராணி பக்கத்திலேயே நின்று பரிமாறிக்கொண்டு, தன் மாமனாரின் அப்பா இந்தக் கொல்லைக்கு வந்த கதையையும் கொட்டாய் என்றால் என்ன என்பதையும் ஒவ்வொரு கரண்டிக்கும் கொஞ்சமாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மிஸ்ஸின் காது சிவந்துவிட்டது.

"ஐயோ, எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார். "கொட்டாய்னா எங்க ஊர்ல மாடு கட்டுற இடம்ங்க. கிருஷ்ணப்பன், நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

கிருஷ்ணப்பன் குழம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நானும் கொட்டாய்தாங்க மிஸ். அர்ச்சுனன் கொட்டாய். ஸ்கூல்ல எல்லாரும் கேட்டா பாப்பிரெட்டிப்பட்டின்னே சொல்லிப் பழகிருச்சுங்க."

"வெக்கமாயில்ல?" என்றாள் சகாயராணி. "பொறந்த எடத்தச் சொல்ல நாக்கு கூசுதா உங்களுக்கு? நீங்க அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்பொண்ணு ஊமையாயிருக்க மாட்டா."

மிஸ் கை கழுவிவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டார். மழுப்பாமல், நேராகக் கேட்டார். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் சகாயராணி அவரை அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அரிசி மூட்டையை அப்படியே வேனில் திரும்ப ஏற்றச் சொன்னாள். அதன் பக்கத்தில் ஒரு மூட்டை மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் ஒரு பெட்டி தக்காளியும் ஏற்றி, "இது நாங்க ஸ்கூலுக்குக் குடுக்கறோம். போட்டோ எடுத்துக் குரூப்ல போடுங்க. கருணை உள்ளம்னு எழுதுங்க, மறக்காதீங்க," என்றாள்.

"எம்பொண்ணு பேச்சு என்னாச்சு?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டாள்.

மிஸ் அங்கேயே நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுப் பிரின்சிபாலைக் கூப்பிட்டார். நல்ல எண்ணத்தில்தான் போட்டார். பிரின்சிபால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மெத்தை வீடோ மாளிகையோ, எனக்கென்ன மிஸ்? அந்தப் பொண்ணு வாயத் தொறந்தா கொட்டாய், வூடுன்னுதான் வருது. கேக்கறவங்க நம்ம ஸ்கூல என்ன ஸ்டாண்டர்டுன்னு நினைப்பாங்க?" என்றார்.

வாசற்படியில் சுபா நின்றிருந்ததை அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். அவள் திரும்பி உள்ளே போனாள்.

கிருஷ்ணப்பன் வேனில் ஏறினார், சாவியைப் போட்டார், ஆனால் வண்டியை எடுக்கவில்லை. திரும்ப இறங்கி வந்தார். "யம்மா, என் வேன் நிக்கற எடமெல்லாம் கொட்டாய்தான். எல்லார் நம்பரும் எங்கிட்ட இருக்குது," என்றார். "என்னா செய்யணும்னு சொல்லுங்க."

என்ன செய்ய வேண்டும் என்று சகாயராணிக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் போன் சூடு ஆறவில்லை. பேசியதெல்லாம் அம்மாக்களோடுதான். அப்பன்களிடம் சொன்னால் ஆண்டனி மாதிரி மார்க்கைப் பற்றிப் பேசுவார்கள். பழைய துணிச் செய்தியை நினைவுபடுத்தினால் போதும், அந்தப் பக்கத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

பதினைந்தாம் தேதி மாதா திருநாளும்கூட. கோயிலைப் பூட்டி வைத்திருந்ததால் சகாயராணி வீட்டிலேயே மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள். சுபா சீருடையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் தெரிகிற பேரை மட்டும் மாற்றுகிறேன், பேசச் சொல்லாதே என்று அம்மாவிடம் கண்டிஷன் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள். சரி என்று ஒத்துக்கொண்டதே சகாயராணியின் வாழ்நாளில் பெரிய பொறுமை.

நிகழ்ச்சி தொடங்கியது. பிரின்சிபால் வரவேற்புரை ஆற்றினார். சிறப்பு விருந்தினர் ரிட்டயர்டு அதிகாரி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைக் கிட்டத்தில் பார்த்தார்.

பெட்டி பெட்டியாகப் பிள்ளைகள் முகம். ஒவ்வொன்றின் கீழும் பேர். சுபா, செபாஸ்டின் கொட்டாய். அடுத்தது கலைமணி, பெரியண்ணன் கொட்டாய். அதற்கடுத்தது முனியம்மாள் கொட்டாய், ராமக்காள் கொட்டாய். விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் பக்கமாகக் கொட்டாய்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு பையனுக்குப் பின்னால் எருமை, இன்னொருத்திக்குப் பின்னால் தக்காளிக் கூடைகள், ஒரு குட்டிப்பயல் டிராக்டர் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தான். எல்லாக் கேமராவும் திறந்திருந்தது.

"என்ன சார் இது, எல்லாம் கொட்டாய் கொட்டாய்னு இருக்கு?" என்று விருந்தினர் கேட்டார்.

பிரின்சிபாலுக்கு வேர்த்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "எல்லாம் வீடு வாசல் இல்லாத பாவப்பட்ட குழந்தைங்க சார். கொட்டகையில கிடக்குதுங்க. நம்ம பள்ளிதான் ஆதரிக்குது," என்று சொல்லிவிட்டார்.

சகாயராணிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அட நெஞ்சறிஞ்ச பொய்க்காரா! போனைப் பிடுங்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது, ஏனென்றால் சுபா அதற்கு முன்பே மைக்கைத் திறந்திருந்தாள்.

"இல்லீங்க சார்."



"யாரது நடுவுல? மிஸ், மியூட் பண்ணுங்க," என்றார் பிரின்சிபால்.

மலர்விழி மிஸ்தான் நிகழ்ச்சியை நடத்துகிறவர், எல்லாருடைய மைக்கும் அவர் கையில்தான் இருந்தது. அவர் முகம் திரையில் வெளுத்திருந்தது. "நான் பண்ண மாட்டேன் சார்," என்றார். "தப்பா சொன்னது நான்தான். அந்தப் பொண்ணு சொல்லட்டும்."

சகாயராணி மகள் பக்கம் ஓரடி வைத்தாள். கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்து, பிடிக்காமல் நின்றாள். சுபாவின் முகம் நேராகப் போனைப் பார்த்திருந்தது. எழுதி வைத்த பேச்சு அவள் கையில் இல்லை.

பிரின்சிபால் விருந்தினர் முன்னால் சிரிக்கப் பார்த்தார். குரலில் தேன் ஒழுக, "சுபா, முதல்ல அந்தப் பேரைச் சரியாப் போட்டுட்டு வாம்மா. அப்புறம் பேசலாம்," என்றார்.

"பேரு சரியாத்தாங்க சார் இருக்குது," என்றாள் சுபா. "எங்க வூடு செபாஸ்டின் கொட்டாய்ல இருக்குது. யாரும் எங்கள ஆதரிக்கல, நாங்கதான் உங்களுக்குக் கெழங்கு அனுப்புனோம். இப்ப நான் சுதந்திரத்தப் பத்திப் பேசப்போறேன், எல்லாரும் கேளுங்க."