கவிழ்த்துப் பதித்த இருபத்திரண்டு டைல்கள்

1.

இந்தக் கதை என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துத் தரையில் கிடைத்தது. நான் எழுத உட்கார்ந்ததோ ஒரு கட்டுரை: சில பொருட்கள் ஏன் மேடும் பள்ளமுமாகவும் சில ஏன் வழுவழுப்பாகவும் இருக்கின்றன என்று. முதல் வரி இப்படி இருந்தது:

"உள்துறைமுகத்து நீர் காலையில் தட்டையாகக் கிடக்கும், கோணேசர் மலைக்கு வெளியே அதே நீர்..."

விட்டுவிட்டேன். அடுத்தது:

"பலாப்பழத்துக்கு முள் எதற்கு, மாங்காய்க்கு ஏன்..."

அதுவும் நகரவில்லை. டைல் பதிக்க வந்திருந்த றுவைஸ் தரையைக் கையால் தடவிக்கொண்டே, "மட்டம் எண்டது எல்லாருக்கும் நல்லதில்ல மிஸ்" என்றார். பேனாவை மூடிவிட்டு, ஏன் என்று கேட்டேன்.

2.

றுவைஸ் குறிஞ்சாக்கேணிக்காரர். பதினெட்டு வருடமாக டைல் மேசன். அவருடைய மனைவி சுஹைராவுக்குக் கண்ணில் அழுத்தநோய். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, போன வருடம் முழுதாகப் போய்விட்டது. ஆனாலும் வீட்டுக்குள் எவரையும் பிடித்து நடந்ததில்லை. [இங்கே அவரைப் பரிதாபமாக எழுதிய ஒரு பந்தியை அழித்தேன். றுவைஸ் சொன்ன பெண் அப்படிப்பட்டவர் அல்ல.]

சுஹைரா மூதூரில் தங்கை வீட்டுக்குப் பத்து நாள் போயிருந்தார். அந்தப் பத்து நாளில் றுவைஸ் பழைய சீமெந்துத் தரையைக் கொத்தி எடுத்து, வீடு முழுக்க டைல் பதித்தார். மனைவிக்குப் பரிசு. வேலை கொடுக்க வருபவர்களுக்கும் காட்டலாம். எங்கே நீர்மட்டக் கருவியை வைத்தாலும் குமிழி நடுவில் நின்றதாம்.

திரும்பி வந்த சுஹைரா செருப்பைக் கழற்றிவிட்டு நாலு அடி வைத்தார். பிறகு அசையவில்லை.

"நான் எங்க நிக்கிறன்?"

"வீட்டுக்குள்ளதான்."

"அது தெரியும். வீட்டுக்குள்ள எங்க?"

பழைய தரையில் முன்கதவடியில் ஒரு வெடிப்பு இருந்தது. குசினி வாசலில் ஒட்டுப்போட்ட மேடு, கட்டிலடியில் பெயர்ந்த பள்ளம். றுவைஸ் வெட்கப்பட்ட இந்தக் குறைகளை வைத்துத்தான் சுஹைரா வழி கண்டுபிடித்திருக்கிறார்.

ஒரு கிழமை, ஏழு நாளும், கட்டிலை விட்டு இறங்கவே யோசித்தார். தண்ணீருக்கும் கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. [முதல் வரைவில் இருவரையும் சண்டை பிடிக்க வைத்தேன். வாசித்துக் காட்டியபோது றுவைஸ் இல்லை என்று தலையாட்டினார்: "சண்டையே இல்ல மிஸ். அதுதான் கஷ்டம்."]

3.

மிஞ்சிய டைல்கள் சுவரோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தன. சுவரைத் தடவிக்கொண்டு வந்த சுஹைராவின் கை அவற்றில் ஒன்றின் பின்பக்கத்தில் பட்டது. சீமெந்து பிடிப்பதற்காக அங்கே வரிவரியாக மேடு இருக்கும்.

"இத இந்தப் பக்கமாப் பதிச்சா என்ன?"

"சும்மா இரு சுஹைரா. மேசன்ட வீட்டில டைல் குப்புறக் கவுண்டு கிடந்தா ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் குசினிக்குப் போகோணும்."

இந்த இடத்தில் எனக்குக் கதைமேல் சந்தேகம் வந்தது. அவ்வளவு மெல்லிய மேடு காலுக்குத் தெரியுமா? என் குசினிக்கு வந்திருந்த ஒரு டைலைக் கவிழ்த்துவைத்து, கண்ணை மூடி, வெறுங்காலோடு ஏறினேன். தெரிந்தது. [தெரியாவிட்டால் இத்தோடு நிறுத்தியிருப்பேன்.]

றுவைஸ் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கட்டிலடியிலிருந்து குசினிக்கும், அங்கிருந்து முன்கதவுக்கும் ஒரு வரிசையைப் பெயர்த்தார். டைலின் வழுவழுப்பான முகம் சீமெந்தைப் பிடிக்காது. அதனால் இருபத்திரண்டு புது டைல்களின் முகத்தையும் உளியால் கொத்திப் புண்ணாக்கி, கவிழ்த்துப் பதித்தார்.

"நல்ல டைலக் கொத்திக் கெடுத்தன் மிஸ். வேலை பழகின நாளிலயும் அப்பிடிக் கெடுத்ததில்ல."

4.

முடிவுக்கு வருகிறேன். அடுத்த கிழமை கலீலுர் றஹ்மான் என்பவர், தன் புது மாடிவீட்டு வேலையை றுவைஸிடம் கொடுக்கலாமா என்று தரையைப் பார்க்க வந்தார். அதற்குப் பிறகு நடந்ததை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்:

அவர் நெகிழ்ந்துபோய் வேலையைக் கொடுக்கிறார். (இனிப்புக் கூடிவிட்டது.)

சிரித்துவிட்டுப் போகிறார். (நான் கண்டிராத மனிதரை ஏன் கெட்டவராக்க வேண்டும்?)

அவர் குனிந்து, அந்த வரிசையைத் தொட்டு... (தெரியவில்லை.)

றுவைஸிடமே கேட்டேன். "அவர் என்ன சொன்னவர்?"

"என்னவோ சொன்னவர் மிஸ். என்ட காதில விழல்ல."

"பக்கத்திலதானே நிண்டிருப்பீங்கள்?"

"ஓம். அந்நேரம் சுஹைரா குசினியில இருந்து தேத்தண்ணி கொண்டு வந்தா. தட்டத்தில ரெண்டு கோப்பை. சுவரில கை வைக்கல்ல. நான் அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கலீலுர் றஹ்மான் சொன்னதை அறிந்தே ஆகவேண்டும் என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

"............................"