கறுத்த குப்பி

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இப்போது புதிதாக ஒரு கடமை சேர்ந்திருக்கிறது. கண்டுபிடித்ததை மக்களிடம் கொண்டுபோக வேண்டுமாம். கொண்டுபோனால் அறிக்கை எழுதலாம், புகைப்படம் ஒட்டலாம். மக்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று எழுத அந்த அறிக்கையில் இடம் கிடையாது.

ஸ்ரீலட்சுமி கடமைக்காகப் போனவள் அல்ல. வினையே அங்கேதான் தொடங்கியது. திருவனந்தபுரத்துக் கிணறுகளில் மலக்கிருமி எப்படிக் கலக்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஸ்ரீவராகத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் ஆரியசாலைக்குப் பின்னால் இருக்கிற அந்த முடுக்கும் அவளுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் தோளோடு தோள் இடிக்கும் வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு, அந்தக் கிணற்றைச் சுற்றி வீட்டுக்கு வீடு கக்கூஸ் குழி. மழை தொடங்கினால் மஞ்சள்காமாலையும் தொடங்கும். குழாய் இணைப்பு கேட்டு அவர்கள் மனுக் கொடுத்துச் சலித்துவிட்டார்கள். கிணற்றில்தான் தண்ணீர் இருக்கிறதே, பிறகு குழாய் எதற்கு என்பதுதான் ஒவ்வொரு தடவையும் வந்த பதில்.

கிணறு கெட்டுவிட்டது என்று நிரூபித்துவிட்டால் குழாய் வந்துவிடும். அதை முடுக்குப் பிள்ளைகளே நிரூபிக்கட்டும் என்று ஸ்ரீலட்சுமி ஆசைப்பட்டாள். வெளியிலிருந்து ஒருத்தி வந்து சொன்னால் யார் நம்புவார்கள்?

பிள்ளைகள் படிப்பது பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில். அங்கே அறிவியல் ஆசிரியர் வன்னியபெருமாள் சார். அவள் போய்க் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"மலையாளம் ஸ்கூலுக்கு ஆளுக்கு ஆள் வந்து ராக்கெட் காட்டுதான், டெலஸ்கோப் காட்டுதான். நம்ம பிள்ளைகளுக்குத் தமிழ்ல சொல்லித்தர ஒருத்தரும் வந்ததில்ல மக்கா. நீ தைரியமா செய்யி."

சோதனை ரொம்ப எளிமையானது. சின்னக் குப்பி, அதற்குள் மருந்தில் தோய்த்த காகிதத் துண்டு. தண்ணீரை ஊற்றி இரண்டொரு நாள் மூடி வைத்தால், மலக்கிருமி இருக்கும் தண்ணீர் மையாகக் கறுத்துவிடும். நல்ல தண்ணீர் கறுக்காது. மைக்ராஸ்கோப்பும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

தண்ணீர் பிடித்து வர ஆளுக்கொரு சுத்தமான பாட்டிலைக் கொடுத்தாள். கிணற்றிலிருந்து நேராகப் பிடிக்க வேண்டும், எதுவும் செய்யாமல் அப்படியே கொண்டுவர வேண்டும் என்று கரும்பலகையிலும் எழுதிப் போட்டாள்.

எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்சில் சுமி என்று ஒரு பெண். "அக்கா, தண்ணிக்குள்ள கிருமி இருக்குண்ணு காகிதத்துக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். ஸ்ரீலட்சுமிக்கு அந்தக் கேள்வியிலேயே வந்த காரியம் பாதி முடிந்துவிட்டதுபோல இருந்தது. சுமியின் அம்மா தாசம்மாள் பாறசாலைப் பக்கத்துக்காரி. சாலைக் கடைத்தெருவில் ஒரு கிடங்கில் வற்றல் மிளகாய் ஆய்கிற வேலை. விடிவதற்குள் போய்விடுவாள். ஆகவே சுமியே கிணற்றடிக்குப் போய், கையைக் கழுவி, வாளியை அலசி, இறைத்து, மூடியின் உட்பக்கத்தில் விரல் படாமல் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தாள். சொன்னது சொன்னபடி.

வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் தண்ணீரைச் சோதனைக் குப்பியில் ஊற்றிப் பெயர் ஒட்டினார்கள். அலமாரியைப் பூட்டினார்கள். அப்போதுதான் வன்னியபெருமாள் சாருக்கு ஒரு யோசனை வந்தது.

"திங்கக்கெழம தாய்தகப்பனையெல்லாம் வரச்சொல்லுவோம். கவுன்சிலரையும் கூப்பிடுவோம். எல்லாருக்க முன்னிலையில தொறப்போம். அவனவன் கண்ணால பாக்கட்டு."

ஆய்வுக்கூடத்தில் ஒருவரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். முடிவை முதலில் தனியாகப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மறுபடி செய்து, அதற்குப் பிறகுதான் வெளியே சொல்வார்கள். ஆனால் அந்த மனிதருடைய உற்சாகத்தைப் பார்த்து அவளுக்கும் தலையாட்டத் தோன்றியது.

திங்கட்கிழமை அலமாரியைத் திறந்தார்கள். எல்லாக் குப்பியும் தெளிவாக இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் கறுத்திருந்தது. அதில் சுமியின் பெயர்.

கூட்டம் கைதட்டியது. பெற்றவர்களுக்குத் தங்கள் பிள்ளை பரீட்சையில் பாசாகிவிட்ட மாதிரி சந்தோஷம். கவுன்சிலர் எழுந்து மலையாளத்தில் இரண்டு வார்த்தை பேசினார். "யூனிவர்சிட்டி தன்னே டெஸ்ட் செய்தல்லோ. நல்ல வெள்ளம். இனி எந்தினா பைப்?" பல்கலைக்கழகமே பார்த்துத் தண்ணீர் நல்லது என்று சொல்லிவிட்டது, இனிமேல் குழாய் எதற்கு என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கூடவே எல்லோரும் சிரித்தார்கள். என்ன பறிபோகிறது என்று தெரியாமல் சிரிக்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருமா, பரிதாபம் வருமா? ஸ்ரீலட்சுமிக்கு இரண்டும் வந்தது.

முன்வரிசையில் இருந்த பிச்சம்மாள் கறுத்த குப்பியை எட்டிப் பார்த்தாள். முடுக்கில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

"இது தாசம்மாளுக்க வீட்டுக் குப்பியில்லா? கிணத்தடியில வச்சு மீன் கழுவாதேண்ணு எத்தன தடவ சொல்லியாச்சு. கேட்டாளா? இப்பம் பாருங்க."

"ஒரே கிணறுதானே அக்கா," என்றாள் ஸ்ரீலட்சுமி. "ஒண்ணு கறுத்தா எல்லாம் கறுக்கணும். ஒரு கிணத்துல ரெண்டு வெள்ளம் எப்படி வரும்?"

சொல்லிக்கொண்டே, பிள்ளைகள் கொண்டுவந்த பாட்டில்களில் தண்ணீர் மீதமிருந்த ஒன்றை எடுத்துத் திறந்தாள். பிச்சம்மாள் வீட்டுப் பாட்டில். சீரக வாசம் அடித்தது.

"அக்கா, வெள்ளத்தத் திளப்பிச்சியளா?"

"பின்னே?" கொதிக்கவைத்தீர்களா என்று கேட்டதே பிச்சம்மாளுக்குப் புரியவில்லை. "வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாலே பச்ச வெள்ளம் கொடுக்க மாட்டோம். யூனிவர்சிட்டிக்குப் போற வெள்ளத்த அப்படியே கொடுத்து விடுவோமா? எங்களுக்கு அது மானக் கொறச்சில் இல்லியா? சீரகம் போட்டுத் திளப்பிச்சு, ஆறவச்சு, துணியில அரிச்சாக்கும் கொடுத்து விட்டது."

தாங்கள் குடிக்கப் பச்சைத் தண்ணீர், விருந்தாளிக்குக் கொதிக்கவைத்த தண்ணீர். தினமும் கொதிக்கவைக்க கேஸ் கட்டுப்படியாகாது. அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். அந்த மரியாதையில் கிருமி செத்துப்போயிற்று.

ஸ்ரீலட்சுமி கூட்டத்துக்கு நேராகத் திரும்பிச் சத்தமாக விளக்கினாள். கொதித்த தண்ணீர் கறுக்காது, சுமியின் குப்பிதான் உண்மையான கிணற்றுத் தண்ணீர், எல்லோரும் குடிப்பது அதைத்தான் என்றாள். "வேற யாரெல்லாம் திளப்பிச்சிய? சொல்லுங்க."

கைதட்டு வாங்கிய பிறகு, கவுன்சிலர் முன்னால், யார் ஒத்துக்கொள்வார்கள்? பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். "எங்க வீட்டுலேருந்து போனது கிணத்து வெள்ளமாக்கும்," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. பிச்சம்மாளும் சுதாரித்துக்கொண்டாள். "நானும் கிணத்து வெள்ளத்தத்தானே திளப்பிச்சேன்?"

கவுன்சிலர் தெளிந்த குப்பிகளின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிணற்று நீர் தூய்மையானது, மாணவர்கள் ஆய்வில் தெரிந்தது என்று மறுநாள் உள்ளூர்ச் செய்தியில் வந்துவிட்டது. ஸ்ரீலட்சுமியின் கைடு அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "அவுட்ரீச் நன்னாயி அல்லே? போட்டோ அயைக்கணே." மக்களிடம் கொண்டுபோனது நன்றாக நடந்ததாமே, படம் அனுப்பு என்றார். அவள் நடந்ததைச் சொல்லத் தொடங்கியதும், அதையெல்லாம் அறிக்கையில் எழுத வேண்டாம், படம் மட்டும் போதும் என்றார்.

அவள் விடவில்லை. மறுபடி முடுக்குக்குப் போனாள். எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, அவர்கள் கண்முன்னால் தானே கிணற்றில் இறைத்து, ஒவ்வொரு வீட்டின் பெயரிலும் ஒரு குப்பி நிரப்பினாள். இரண்டு நாளில் அத்தனையும் கறுத்தன. ஜெயித்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டு, கறுத்த குப்பிகளை ஒரு தட்டில் அடுக்கி ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து கிணற்றுச் சுவரில் வைத்தாள்.

பிச்சம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"கண்டியளா? மொதல்ல அவளுக்கது மட்டும் கறுத்துது. இப்பம் ஒரு வீட்டு அழுக்கு எல்லாத்துலயும் கேறியாச்சு."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஸ்ரீலட்சுமி தொண்டை கட்டும்வரை பேசினாள். அழுகையே வந்துவிட்டது. பாவம் பிள்ளை, வெயிலில் அலைகிறது என்று சொல்லி ஒருத்தி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொதிக்கவைத்த தண்ணீர்தான். அன்று சாயங்காலமே முடுக்கு கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டது. கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வார்கள். அதற்குப் பிறகு தாசம்மாள் வீட்டு வாளி அதில் இறங்கக் கூடாது.

வன்னியபெருமாள் சார் போய்ப் பேசிப் பார்த்தார். திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இனிமேல் வெளியாள் யாரையும் வகுப்புக்குள் விட வேண்டாம் என்று பெற்றோர் சங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மழை பிடித்தது. முடுக்கில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளித்தது. அதற்கும் தாசம்மாளைத்தான் ஏசினார்கள்.

ஒருநாள் காலையில் ஸ்ரீலட்சுமி சாலைக் கடைத்தெருவில் தாயையும் மகளையும் கண்டாள். தாசம்மாள் வேலை செய்யும் கிடங்கின் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார்கள். தாயின் இடுப்பில் ஒரு குடம், மகளின் இடுப்பில் ஒரு குடம். பள்ளிக்கூட மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"வீட்டுப் பக்கம் வரண்டாம் மோளே," என்றாள் தாசம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க வந்தா அவங்க பின்னேயும் ஒவ்வொண்ணு பேசுவாங்க. நாங்க எப்படியும் பாறசாலைக்கே போயிரலாம்ணு இருக்கோம்."

ஸ்ரீலட்சுமி சுமியைப் பார்த்தாள். நீ செய்ததுதான் சரி, உன் குப்பிதான் சரி என்று சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் சுமி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தப்புச் செய்துவிட்ட பிள்ளைபோல அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, எனக்குத் தெரியாமப் போச்சு. அடுத்த தடவ நானும் நல்லா திளப்பிச்சுக் கொண்டு வாறேன்."