அக்கரைக்குக் கிளம்பிய முதல் வீடு

ஊரின் முதல் வீடு ஆற்றை நோக்கி நகர ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முதல் நாள் ஒரு சாண், மறுநாள் ஒரு முழம். காய்ந்த துணியை எடுக்க வெளியே வந்த, அங்கே குடியிருந்த தையல்காரரின் மனைவிதான், துணிக்கொடிக் கம்பம் வாசலைவிட்டுத் தள்ளி நிற்பதை முதலில் கவனித்தாள். கம்பம் போகவில்லை, வீடுதான் போயிருந்தது.

ஆறு வெறும் ஆறாக மட்டும் இருந்த காலத்தில், அக்கரையிலிருந்து பிழைக்க வந்த சில குடும்பங்கள், அங்கே நின்ற வீட்டையே உத்தரம், தூண், கதவு என்று பிரித்துத் தெப்பத்தில் ஏற்றிவந்து இங்கே நிறுத்தின. சந்தை, படித்துறை, கோட்டை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அப்புறம் ஒரு சண்டை வந்தது, ஆற்றின் நடுவே எல்லை வந்தது, ஓடம் நின்றது. ஊர்ப் பெருமையைக் காக்க ஒரு குழு கிளம்பி, வீட்டைப் பெருக்கவும் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவு திறக்கவும் தையல்காரரை வாடகையில்லாமல் குடிவைத்தது. அவர் மனைவி, ஓடம் ஓடிய நாளில் அக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதல் பிரசவத்தில் பிள்ளை தங்கவில்லை. இப்போது நிறைமாதம். அக்கரையில் துணி துவைக்கும் அம்மா, இங்கிருந்து பார்த்தால் கட்டைவிரல் உயரம். “அம்மா பக்கத்துல இல்லாம இந்தத் தடவையும் என்னால முடியாதுங்க” என்று அவள் சொல்லும்போதெல்லாம் தையல்காரர் மிஷினை வேகமாக மிதிப்பார். பாவம், வேறென்ன செய்வார்!

வீட்டுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. பானைகள் ஆற்றுப்பக்கச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டன, நூல்கண்டுகள் உருண்டன, காற்றில்லாமலேயே ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. தையல் நேராக விழாமல் ஊரில் பாதிப்பேர் கோணல் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார்கள். குழுத் தலைவர், மரம் விற்கும் மரடிப்போக்காரர், தலையில் கைவைத்துக்கொண்டார். வீடு அக்கரைக்குப் போய்விட்டால் ‘நாங்கதான் மூத்த ஊர்’ என்று அங்கே மீசையை முறுக்குவார்களே! டிப்போவில் இருந்த வடத்தையெல்லாம் கொண்டுவந்து வீட்டைக் கோட்டைச் சுவரோடு கட்டினார். “கயித்துல யாராவது கைய வச்சீங்க, அன்னிக்கே வீட்டைக் காலி பண்ணணும்” என்று தையல்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். வீடு ராப்பகலாக முனகியது. உள்ளே அவளும் புரண்டு புரண்டு படுத்தாள்.

ஒரு மதியம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு “வலிக்குதுங்க” என்றாள். தையல்காரரின் பெரிய கத்தரிக்கோலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அதில் காகிதம் வெட்டிவிட்டாள் என்று பெண்டாட்டியோடு நாள்கணக்கில் பேசாமல் இருந்த மனுஷன் அவர். அதே கத்தரிக்கோலோடு வெளியே இறங்கி, வடங்களை ஒவ்வொன்றாக நறநறவென்று அறுத்தார். கத்தரிக்கோலின் வாய் போனது. போனால் போகட்டும்! கடைசி வடம் அறுந்ததும் வீடு ஓட்டமும் நடையுமாகக் கிளம்ப, அவர் வாசற்படியைப் பிடித்துத் தொற்றி ஏறினார். “டேய், எறங்குடா! வீட்ட நிறுத்துடா!” என்று மரடிப்போக்காரர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கரையோடு ஓடினார். வீடு அதற்குள் தண்ணீரில் கால்வைத்துவிட்டது. எல்லைக்காவலர் இரண்டு பக்கமும் துப்பாக்கியைத் தூக்கிவிட்டு இறக்கினார்கள். ஆளைத் தடுக்கத்தான் அவர்களுக்கு உத்தரவு, வீட்டைத் தடுக்க இல்லை.

அக்கரையில் பழைய அஸ்திவாரம் புல் மூடிக் கிடந்தது. வீடு அதில் ஏறி உட்கார்ந்தது. துவைத்த துணியைக் கல்லிலேயே போட்டுவிட்டு ஓடிவந்த அம்மா, மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி, வர்றதுக்கு இவ்வளவு நாளா?” என்றவள் அழுதேவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகனை வெந்நீர் போடச் சொன்னாள்.

பொழுது சாய்வதற்குள் பிள்ளை பிறந்து வீறிட்டு அழுதது. இக்கரையில் அறுந்த வடங்களைச் சுருட்டிக்கொண்டிருந்த மரடிப்போக்காரர் நிமிர்ந்தார். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு, “என்ன புள்ளடா?” என்று ஆறு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.