ஒன்பது ஆம்பியர்

ஜேசுபாதம் ஐந்து மணிக்கு எழுந்தான். குழாயில் தண்ணீர் வரும் நாள். இரண்டு குடமும் ஒரு வாளியும் பிடித்து வைத்தான். சவரம் செய்தான். பழைய சோற்றில் மோர் விட்டுக் குடித்தான். பிறகு வாசலுக்கு வந்து காரைக் கிளப்பினான். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, கதவைச் சாத்தினான். எங்கும் போகவில்லை. நான்கு மாதமாகத் தினமும் இப்படித்தான். புது பேட்டரி. ஒருநாள்கூடச் சண்டித்தனம் செய்ததில்லை.

டாஷ்போர்டில் ரேடியோ இருந்த இடம் வெறும் ஓட்டையாகக் கிடந்தது. ரேடியோ, ரிப்பேர்க்காரர் ரோச்சின் கடையில் இருந்தது.

பழைய வால்வு ரேடியோ. உப்பளக்காரர் ஒருவரிடம் காரை வாங்கியபோது கூடவே வந்தது. சாயங்காலங்களில் அவனும் மனைவி ஜெயசெல்வியும் கடலோரம் காரை நிறுத்தி இலங்கை வானொலி கேட்பார்கள். கடைசிச் சாயங்காலம் வீடு திரும்பும்போது, தெருமுனையில், பாட்டின் நடுவில் அது வாயடைத்துப் போனது. செத்துவிட்டது என்று நினைத்து அப்படியே இறங்கிப் போனார்கள். டயல் விளக்கு எப்போதோ போய்விட்டிருந்தது. காரின் சாவியை எடுத்தாலும் ரேடியோ நிற்காது. அதன் குமிழைத் தனியாகத் திருப்ப வேண்டும்.

விடியுமுன் அவள் எழுப்பினாள். வயிற்றில் எட்டு மாதம். சேலையெல்லாம் ரத்தம். கார் கிளம்பவில்லை. ஓர் உப்பு லாரி கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அரைமணி முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

பேட்டரி பழசு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். உண்மையிலேயே பேட்டரி பழசா, அல்லது வாயடைத்த ரேடியோ விடிய விடிய அதைக் குடித்ததா? அவனுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை. கல்லூரியில் அவன் நடத்தும் பிசிக்ஸ் லேப் அன்று இல்லை. கடைக்கு நடந்தான். ரோச் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். திருகாணிகள் அவருடைய அப்பா கடல்முத்து சலித்த பித்தளைச் சல்லடையில் கிடந்தன.

"எந்த அறிவுகெட்டவன் சார் ஃபியூஸ்ல சிகரெட் வெள்ளித்தாளச் சுத்துனவன்? கண்டிப்பாப் படிச்சவனா இருக்க மாட்டான்."

"நான்தான்."

அந்த மாதம் இரண்டு தடவை ஃபியூஸ் எரிந்திருந்தது. இரண்டு தடவையும் ஜெயசெல்விக்குப் பாட்டு போய்விட்டது. அதனால், இனி எரியவே முடியாதபடி சுற்றினான். ரோச் சல்லடைக்குள் இல்லாத திருகாணியைத் தேடினார்.

கெட்டிருந்தது கட்டைவிரல் பருமனில் ஓர் உலோகக் குப்பி, வைப்ரேட்டர் என்பார்கள். உள்ளே ஒரு நாக்கு ஓயாமல் துடித்தால்தான் பேட்டரியின் மின்னழுத்தம் வால்வுகளுக்கு ஏற்ப உயரும். புதியது ஒன்று கப்பல்காரர் ஒருவர் மூலம் வந்திருந்தது. ரோச் அதைக் கையில் எடுத்தார்.

"பழசையே போடுங்க அண்ணே. மொதல்ல அது எவ்வளவு இழுக்குன்னு பாக்கணும்."

"வேண்டாம் சார். பேட்டரி பழசுன்னு நானே சொல்லுதேன். வேணும்னா எழுதியே தாரேன்."

"போடுங்க."

ரோச் பழையதைச் செருகி, பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் நடுவே அம்மீட்டரை மாட்டிவிட்டு, ஒதுங்கிக்கொண்டார். குமிழைத் திருப்பியது ஜேசுபாதம்தான். கிர்ரென்று ஒரு சத்தமும் இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மெல்லக் கருகல் மணம் வந்தது. ஊமையாகக் கிடந்த பெட்டியின் பக்கத்தில் முள் மட்டும் ஏறி, ஒன்பதில் போய் நின்றது.

ஒன்பது ஆம்பியர். சாயங்காலம் ஏழிலிருந்து விடிகாலை ஐந்து வரை பத்து மணி நேரம். புது பேட்டரியே தாங்காது. அவர்கள் தூங்கிய ஜன்னலுக்கு நேர் கீழே, சத்தமில்லாமல்.

ரோச் அவனைக் கேட்காமலே அணைத்து, புதியதைச் செருகினார். இம்முறை பெட்டி முனகியது. முள் நாலில் நின்றது. வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அரை நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம், அடுத்த அறையிலிருந்து வருவதுபோல ஒரு பெண்குரல் பிறந்தநாள் கொண்டாடுபவர்களின் பெயர்களை வாசித்தது. பிறகு பாட்டு.

"நிறுத்தட்டுமா சார்?"

"முடியட்டும்."

முடிந்தது. குமிழை அவனே திருப்பினான். முள் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை பார்த்தான். இறங்கிய பிறகும் பார்த்துக்கொண்டு நின்றான்.

நாளை ஞாயிறு. நாசரேத்திலிருந்து மாமியார் ஞானபாக்கியம் வருவாள். மகள் கடைசியில் 'இயேசுவே' என்று சொல்லிக் கண்ணை மூடினாள் என்று கோயில் வாசலில் யாரிடமாவது சொல்லுவாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் அவன் கையைப் பிடித்துக் கேட்டபோது அவன்தான் அப்படிச் சொன்னான். வேறு என்ன சொல்வது?

உப்பு லாரியின் முன்சீட்டில் ஜெயசெல்வியின் தலை அவன் மடியில் இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரி நின்றதும் கடைசியாகக் கண்ணைத் திறந்தாள்.

"அந்த ரேடியோவ ரோச் அண்ணன்ட்ட குடுத்துப் பாருங்க. பாட்டு பாதியில நின்னுபோச்சு."