செபஸ்தியாருக்குப் போட்ட ஊசி

என் வீட்டுக்காரர் எலியோதோரோவுக்கு அலட்டல் எல்லாம் ஒரே ஒரு விஷயத்தில்தான். திருநாளன்று எங்கள் கோயில் செபஸ்தியார் மரச்சிலையைப் பீடத்திலிருந்து கடல் ஊர்வலப் படகு வரைக்கும் தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு போவார். தனக்குப் பிடித்தவன் கையில் புனிதர் லேசாகிவிடுவார், பிடிக்காதவன் கையில் பாறையாகிவிடுவார் என்பது எங்கள் சிலோயே தீவில் எல்லோரும் நம்புவது. இவர் ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் தொப்பியைக் கழற்றிப் பெண்களுக்கு வணக்கம் வைப்பார். வேறு யாரையும் சிலையைத் தொட விட்டதில்லை.

போன குளிர்காலத்தில் புனிதரின் முழங்காலிலிருந்து மாவு மாவாகக் கொட்டியது. உளுத்துப்போய்விட்டார். காஸ்த்ரோ நகரத்திலிருந்து, பழைய சிலைகளைச் சீர்செய்யும் மைத்தே என்ற பெண் ஊசியும் பிசின் பாட்டிலுமாக வந்தாள். இந்தச் செயற்கைப் பிசினை உளுத்த மரத்துக்குள் இறக்கினால் அங்கேயே இறுகி மரத்தைக் கெட்டியாக்கும் என்றாள்.

"ஏற்கெனவே அம்பு தச்ச ஒடம்பு, அதுல ஊசி வேறயா?" என்று இவர் புலம்பினார். அவள் காதில் வாங்கவில்லை. புழு தின்ற ஓட்டைகளில் எல்லாம் வாரக்கணக்கில் பிசினை ஏற்றினாள். உள்ளே இருந்த பொந்தைப் பிசின் குழம்பால் நிரப்பினாள்.

திருநாள் வந்தது. இவர் மீசையை முறுக்கிக்கொண்டு ஒற்றைக் கையைக் கொடுத்தார். புனிதர் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முக்கினார். இடுப்புதான் மளுக்கென்றது.

என் அண்ணன் நிபால்தோவுக்கு வாயெல்லாம் பல். "மாப்ள, புனிதர் ஒன்ன கைகழுவிட்டாரு. தள்ளு, நான் பாக்குறேன்." அவனும் முக்கினான், முகம் சிவந்ததுதான் மிச்சம்.

மைத்தேவுக்கு மனசு கேட்கவில்லை. "அவருக்கு யார் மேலயும் கோவம் இல்லங்க. முன்னாடி உள்ள வெறும் பொந்து, சின்னப் புள்ளகூடத் தூக்கியிருக்கும். இப்ப இருக்கிறது பிசினோட கனம்." நல்லது செய்வதாக நினைத்து இவர் தலையில் கல்லைப் போட்டாள்.

கோயிலே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, "அப்ப இத்தன வருசமும் அவருக்கு எம்மேல பாசமே இல்லியா? எல்லாம் புழு பண்ணுன வேலையா?" என்றார். உதடு குழந்தை மாதிரி பிதுங்கியது. இவரை நான் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டேன்.

பெண்கள் தூக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. இல்லாவிட்டால் போகட்டும் என்று பாவாடையைச் செருகிக்கொண்டு, புனிதரின் கால்பக்கம் போய்ப் பிடித்தேன்.

"பாசமாத்தாங்க இருந்தாரு. ஆனா இத்தன வருசமும் ஒங்ககூட வந்தது பாதி ஆளு. இன்னிக்குத்தான் முழுசா வர்றாரு. தலைப்பக்கம் புடிங்க."