நூஹுவுக்கு மேலே ஒரு படி

துபாய் சத்வாவில் நூஹுவிடம் பொத்தான் வாங்கப் போனவன் சட்டைக்கான விலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவான் என்று தையல்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. நூஹு அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. கீழக்கரையில் பிறந்த பிள்ளை தான் படுத்திருக்கும் தொட்டிலுக்கே விலை குறைத்துக் கேட்கும் என்பார். நூல், ஜிப், லேஸ், பொத்தான் என்று தையலுக்கு வேண்டிய எல்லாம் அவர் கடையில் உண்டு. இல்லாதது ஒன்றுதான். கந்தையாவின் நம்பர்.

கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். எதிர்வரிசையில் அதே வியாபாரம். அவருடைய மொபைல் எண் அந்தக் காலத்து வரிசையில் வாங்கியது. ஒருமுறை காதில் விழுந்தால் போதும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாய் சொல்லிவிடும். சத்வாவிலிருந்து அபுதாபி முசஃபா வரை எந்தத் தையல்காரனுக்கு ஊசி முறிந்தாலும் விரல் தானாக அந்த எண்ணைத்தான் அழுத்தும். இப்போது கந்தையா கடையை மூடிவிட்டுக் கனடாவில் மகளோடு இருக்கப் போகிறார். அந்த எண் யாரிடம் போகிறதோ, அவரிடமே வாடிக்கையும் மொத்தமாகப் போகும்.

நூஹு நேராகவே கேட்டுப் பார்த்தார். கந்தையா பிடி கொடுக்கவில்லை.

"உனக்குத் தந்தா ஜாபருக்குக் கோவம். ஜாபருக்குத் தந்தா உனக்குக் கோவம். நான் அதைக் காத்திலை விடுறன் தம்பி. பிடிக்கிறவன் பிடிக்கட்டும்."

ஜாபர் சாதிக் நூஹுவின் மச்சான். மனைவி மரியத்தின் அண்ணன்; அவள் வாயில் காக்கா. இருவரும் ஒரே கடையில் பங்காளிகளாக இருந்தவர்கள்தான். பல் பிடிக்காத ஒரு பெட்டி ஜிப்பை யார் வாங்கிப்போட்டது என்ற கேள்வியில் பங்கு பிரிந்தது. ஜாபர் ஷார்ஜாவில் முவைலா பக்கம் தனிக்கடை போட்டார். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வது மரியத்தின் வாய் வழியாகத்தான்.

காற்றில் விடுகிறேன் என்று கந்தையா சொன்னது ரேடியோவை. வடக்கே ஒரு எமிரேட்டிலிருந்து ஒலிபரப்பாகும் தமிழ் ஏஎம் நிலையத்தில் வெள்ளிக்கிழமை மாலை 'கைமாற்று' என்றொரு நிகழ்ச்சி. ஊரைவிட்டுப் போகிறவர்கள் தங்கள் சாமானை அதில் ஏலம் விடுவார்கள். யாரும் பேர் சொல்லக் கூடாது. தொடக்க விலையையும் ஒரு படி எவ்வளவு என்பதையும் முதலில் அறிவித்துவிடுவார்கள். அப்புறம் போன் செய்கிறவர் "ஒரு படி" என்று மட்டும் சொன்னால் போதும், சாமானின் சொந்தக்காரர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து மணி அடிப்பார். ஊர்ச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவதைப் போல. ஒரு பாட்டு முழுதாக ஓடி முடியும்வரை யாரும் ஏற்றாவிட்டால் மூன்று மணி. கடைசியாகச் சொன்னவருக்குச் சாமான்.

அந்த நிலையம் இப்போதுதான் துபாயில் எஃப்எம்மிலும் வர ஆரம்பித்திருந்தது. இனிமேல் கண்ணாடி மாதிரி கேட்கும் என்று விளம்பரம் செய்தார்கள். நூஹு அதை நம்பிப் புது ரேடியோ ஒன்று வாங்கி லேஸ் அலமாரிக்கு மேலே மாட்டினார். மச்சானிடம் இன்னும் அந்தப் பழைய ஏஎம் பெட்டிதான் இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஆனால் கண்ணாடியில் வந்தது என்னவோ பழைய முகம்தான். ஏஎம்மின் இரைச்சல், விசில், இருமல் எல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் எஃப்எம்மில் துல்லியமாகக் கேட்டன. எலி கடித்த துணியை ஷோகேஸில் வைத்து விளக்குப் போட்ட கதை. அதில் பேசும் ஆண்கள் எல்லாரும் தகர டப்பாவுக்குள்ளிருந்து ஒரே மூக்கால் பேசுகிறவர்களாகவே ஒலித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அசர் தொழுதுவிட்டு வந்த நூஹு கடையில் உட்கார்ந்தார். கூட மரியமும் இருந்தாள். நிகழ்ச்சியை நடத்தும் சுகந்தா, ஒரு கடையின் பழைய மொபைல் எண், சுலபமாக ஞாபகம் நிற்கும் எண் என்று மட்டும் சொன்னாள். யாருடையது என்று நூஹுவுக்குத் தெரியும். ஜாபருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாது. அவர் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் நானாகச் சொல்ல மாட்டேன் என்றிருந்தார் கந்தையா. ஜாபர் அந்த நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்கிறவர். தன் குரல் தெரிந்தால் சந்தேகம் வந்துவிடும். ஆகவே நூஹு கடைப் போனின் வாயில் கைக்குட்டையைப் போர்த்திக்கொண்டார்.

முதலில் யார் யாரோ இரண்டு மூன்று பேர் ஏற்றிப் பார்த்துவிட்டு நழுவினார்கள். நூஹு அழைத்தார்.

"வணக்கம் நேயர். உங்கட ரேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ, இரையுது" என்றாள் சுகந்தா. அவர் எட்டி ரேடியோவின் சத்தத்தை அடக்கிவிட்டு, கைக்குட்டைக்குள் "ஒரு படி" என்றார். போனில் மணி கேட்டது. போனை வைத்து, ரேடியோவைக் கூட்டி, சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பாட்டு. பிறகு ரேடியோவில் ஒரு மூக்கடைத்த குரல், ஒரு படி என்றது. மணி.

நூஹு நிமிர்ந்தார். யாரடா இவன்?

திரும்ப அழைத்தார். ரேடியோவைக் குறைத்து, ஒரு படி சொல்லி, மணி கேட்டு, போனை வைத்து, ரேடியோவைக் கூட்டினார். பாட்டு. மறுபடியும் அதே மூக்கு. அவர் எங்கே போனாலும் குதிகாலை மிதித்துக்கொண்டே வருகிறவன் மாதிரி அந்தக் குரல் வந்தது. மூன்றாம் முறையும் அப்படியே. நான்காம் முறை அந்தக் குரலுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"உங்க காக்காதான். சளி பிடிச்சிருக்கு. இல்லேன்னா துணியப் போட்டு மூடிக்கிட்டுப் பேசறார்" என்றார் மரியத்திடம்.

மரியத்துக்கும் அந்தக் குரலை எங்கோ கேட்டதுபோல்தான் இருந்தது. ஆனால் அண்ணன் குரலாகத் தோன்றவில்லை. தினமும் வீட்டில் கேட்கிற குரல் போல இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நூஹு மொபைலில் ஜாபரின் எண்ணை அழுத்திவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு முதல் அழைப்பு.

ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. பங்கு பிரிந்தவர்கள் ஒருவர் பிழைப்பில் ஒருவர் ஏறி மிதிக்கலாமா என்றார் நூஹு. எதை மிதித்தேன் என்றார் ஜாபர். தான் நகம் வெட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"நகம் வெட்டற ஆளா கந்தையா அண்ணன் நம்பருக்கு மேல மேல ஏத்தறது? இந்தா, உங்க காதுபட ஏத்தறேன், கேட்டுக்குங்க."

ஒரு காதில் மொபைலை வைத்துக்கொண்டே ரேடியோவைக் குறைத்தார். கடைப் போனை மறுகாதுக்கு எடுத்து, கைக்குட்டையை மறக்காமல் போர்த்தி, ஒரு படி என்றார்.

அவர் சொல்லி வாயை மூடுமுன் மொபைல் பக்கத்துக் காதில், ஜாபரின் வீட்டுப் பழைய பெட்டியிலிருந்து, அந்த மூக்கடைத்த குரல் ஒரு படி என்றது. கூடவே மணி. நூஹுவுக்கு இரண்டு காதிலும் மணி.

அவர் கடைப் போனைப் பார்த்தார். மொபைலைப் பார்த்தார். சுவரில் அடக்கி வைத்திருந்த ரேடியோவைப் பார்த்தார். தானே தன் முதுகில் தட்டிவிட்டு யார் தட்டியது என்று திரும்பிப் பார்த்தவர்போல நின்றார்.

"மச்சான், அந்தக் குரல்... அது உங்க வீட்டுல யாரு?"

"எங்க வீட்டுல யாரு? ரேடியோல நீங்கதான் பேசுறீங்க. வாய்க்குள்ள என்ன, துணியா?" என்றார் ஜாபர். பிறகு விஷயம் பிடிபட்டு, சிரித்து, நிதானமாக எடுத்துச் சொன்னார். துபாய் எஃப்எம்முக்கு ஸ்டுடியோவிலிருந்து தனியாக எதுவும் வருவதில்லை. ஷார்ஜாவில் ஒரு மொட்டைமாடியில் ஏஎம்மைப் பிடித்து, அதை இன்டர்நெட்டில் அனுப்பி, துபாயில் எஃப்எம்மாக விடுகிறார்கள். சுற்றிக்கொண்டு போய்ச் சேர முக்கால் நிமிடமாவது ஆகும். "நாங்க தின்னு கையக் கழுவுன அப்புறம்தான் உங்களுக்கு எலயே போடுவாங்க மச்சான்."

அப்போதும் நூஹுவுக்கு முழுதாக ஏறவில்லை. மச்சானைப் போனில் வைத்துக்கொண்டே விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். தான் சொன்னதையும் கேட்டதையும் சேர்த்தால் பத்துக்குப் பக்கம் வந்தது. பாதியைத் தள்ளினால் ஐந்து. அதில் முதலாவது போக நான்கும் தானே தனக்கு மேலே ஏற்றியது. போன் மணி, ரேடியோ மணி, எதை எதில் கழிப்பது? கணக்கில் யாரும் ஏமாற்ற முடியாத மனிதர், கணக்கே தன்னைப்போல் இரண்டாக நின்றால் என்ன செய்வார்?

இந்தக் குழப்பத்தில் ஒன்றை அவர் கவனிக்கவே இல்லை. ஜாபர் சிரிப்பதை நிறுத்தி நெடுநேரமாயிற்று.

"கந்தையா அண்ணன் நம்பரா அது? நான் ஏதோ சிம்முன்னுல்ல நெனச்சேன். சரி மச்சான், அடுப்புல சாயா இருக்கு" என்று ஜாபர் வைத்துவிட்டார்.

நூஹு எழுந்துபோய் ரேடியோவைக் கூட்டினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் பாட்டு தணிந்தது. தகர டப்பாவுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், ஒரு படி என்றது. மணி அடித்தது.

நூஹு மரியத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"கேட்டியா? நான்தான். இப்பத்தான் சொன்னேன்ல, இப்பத்தான் வருது."

இந்த முறை அந்தக் குரல் அண்ணனுடையதுபோல் இருக்கிறதே என்றாள் மரியம். முதலில் என்னையே உங்கள் காக்கா என்று நினைத்தோம், அந்த மயக்கம் இன்னும் போகவில்லை என்று நூஹு அவளைத் திருத்தினார். அடுத்த பாட்டு தொடங்கியது. அது முடிகிறவரை வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் வியாபாரம். பக்கத்துக் கஃபட்டீரியாவுக்குச் சொல்லி இருவருக்கும் சாயா வரவழைத்தார். கந்தையாவின் எண்ணை எந்த நிறத்தில் போர்டில் எழுதலாம் என்று யோசித்தார். பாட்டு கடைசிச் சரணத்தில் இருந்தபோது மொபைல் அடித்தது. கந்தையாவேதான், அதே எண்ணிலிருந்து.

"ஏன் தம்பி கடைசியிலை விட்டனீ?"

"எத விட்டேன் அண்ணே?"

"நம்பரை. ஜாபர் கொண்டுபோட்டான். நாலு தரம் நீ உனக்கு மேலயே ஏத்தினாய், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பேர் சொல்லக் கூடாதெண்டு வாயைப் பொத்திக்கொண்டு மணியை அடிச்சன். ஜாபர் ஒரே ஒரு தரம்தான் ஏத்தினான்."

"இன்னும் முடியலையே அண்ணே. பாட்டு ஓடுது. எனக்கு ஒரு படி போடுங்க."

"முடிஞ்சுது தம்பி. இப்பதான் அடிச்சுப்போட்டு வெளியிலை வந்து நிக்கிறன்."

"ரேடியோல இன்னும் ஓடுதுங்கறேன்."

"அது உங்கட ரேடியோ, தம்பி."

சொல்லி வைத்தாற்போலப் பாட்டு நின்றது. லேஸ் அலமாரிக்கு மேலிருந்து மூன்று மணி, இரைச்சலும் விசிலும் சூழ, ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாக விழுந்தது. வெளியே நிற்கும் மனிதர் உள்ளே மணி அடிப்பதை நூஹு மொபைலும் கையுமாகக் கேட்டுக்கொண்டு நின்றார். சுகந்தா, வென்ற நேயருக்கு வாழ்த்துச் சொன்னாள்.

சாயா வந்தது. யாரும் எடுக்கவில்லை. மரியம்தான் மெதுவாகக் கேட்டாள், இதில் யாருக்கு நட்டம் என்று. நூஹு யோசித்தார். எண் போய்விட்டது, அது தனக்கு நட்டம். ஆனால் மச்சான் கொடுக்கப்போகும் விலையில் ஐந்து படி தான் கட்டியது. தான் இல்லாவிட்டால் அவர் கீழ்ப்படியிலேயே எடுத்திருப்பார். அப்படியானால் அவருக்கும் நட்டம். இரண்டு பேருக்கும் நட்டம் என்றால் லாபம் எங்கே போனது? கனடாவுக்கா?

நெடுநேரம் பொத்தான் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு ரேடியோவை அணைத்தார். ஒன்றும் ஓடவில்லை என்று இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, ஜாபரை அழைத்தார். ஜாபர் எடுத்தார். திட்டு வரும் என்று எதிர்பார்த்திருப்பார்.

"மச்சான்" என்றார் நூஹு. "உங்க பழைய ஏஎம் பெட்டி. என்ன வெல சொல்றீங்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இதுவும் சுற்றிக்கொண்டுதான் போகிறதோ என்று நூஹு மொபைலைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"நீங்க ஒரு வெல சொல்லுங்க மச்சான்" என்றது ஜாபரின் குரல். "அதுக்கு மேல நீங்களே ஒரு படி ஏத்திக்கிடுவீங்கல்ல."